மறைந்திருந்த அறையும் மறைக்கப்பட்ட பெயரும்

நூலொன்றைக் கையில் எடுத்தவுடன் நாம் முதலிற் பார்ப்பது யாது? நூலின் பெயர்; அதற்கு அடுத்தபடி ஆசிரியரின் பெயர். திரைப்படம் பார்க்கச் சென்றாலும், கதாசிரியர், இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர், ஒப்பனை செய்தவர் எனப் பெயர்கள் வரிசையாகத் தோன்றி மறைகின்றன. நமது சங்கத் தொகைநூல்களிலே, இயற்பெயர் மறைந்துபோக, தாம் பாடிய பாட்டின் தொடர் ஒன்றையே பெயராகப் பெற்று இன்றும் வாழும் புலவர் சிலர் உளர். படைப்பு இருக்கப் படைத்தவன் பெயரின்றிப் போதல் தகாது என்று தொகுத்தோர் எண்ணினர் போலும்.

இற்றைக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டிலே புதுவகைப் படைப்பொன்று வீடுகளுக்குள் நுழைந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் வீடியோ விளையாட்டே அது. இலட்சக்கணக்கான சிறுவரும் பெரியோரும் அதனை விளையாடி மகிழ்ந்தனர். ஆயினும் அதனை ஆக்கியவர் யாவர் என்பதை அவருள் ஒருவரும் அறியார். பெட்டியிலே பெயர் இல்லை, உள்ளே இருந்த கைநூலிலும் இல்லை, திரையிலும் இல்லை. அவ்வாறு பெயர் மறைக்கப்பட்டோருள் ஒருவர் தம் பெயரைத் தம் படைப்புக்குள்ளேயே ஒளித்துவைத்தார். வேறு நால்வர் வேலையை உதறிவிட்டு வெளியேறினர். அவர்களது வரலாற்றையே இன்று கூறப் புகுகின்றோம்.

சிறு பெட்டிக்குள் ஓர் உலகம்

1972ஆம் ஆண்டிலே நோலன் புஷ்னெல், டெட் டப்னி என்னும் இருவர் கலிபோர்ணியா மாநிலத்தில் அட்டாரி என்னும் கம்பனியைத் தொடங்கினர். அவ்வாண்டே அக்கம்பனி வெளியிட்ட ‘பொங்’ என்னும் விளையாட்டு, மேசைப்பந்தாட்டம் போன்ற ஓர் ஆட்டத்தைத் திரையிலே காட்டுவது. காசு போட்டு விளையாடும் இயந்திரமாக மதுச்சாலைகளிலும் விளையாட்டுக் கூடங்களிலும் வைக்கப்பட்டு அது பெரும்புகழ் ஈட்டியது. 1976இல் வோனர் கொமியூனிக்கேஷன்ஸ் என்னும் பெரிய நிறுவனம் அட்டாரியை 2 கோடி 80 இலட்சம் டொலருக்கு வாங்கிற்று. 1977 செப்டெம்பரிலே அட்டாரியின் வீட்டு விளையாட்டுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதன் விலை ஏறத்தாழ 200 டொலர். பிற்காலத்தில் ‘அட்டாரி 2600’ என்று பெயர் பெற்றது அப்பெட்டியே.

ஒரே பெட்டியிற் பல விளையாட்டுகளை விளையாடலாம் என்பது அதன் சிறப்பு. கார்ட்ரிட்ஜ் எனப்படும் கையடக்கமான செருகுபெட்டி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விளையாட்டுப் பதிந்திருக்கும். வேண்டியதைச் செருகி, ஜோய்ஸ்டிக் என்னும் பிடிகோலைக் கையிற் பற்றி ஆடவேண்டியதே.

வெளியிலிருந்து பார்ப்போர்க்கு அஃது ஒரு விளையாட்டுச் சாமான். அதற்குச் செய்நிரல் எழுதியோர்க்கோ, கைகளைக் கட்டிவிட்டுச் சித்திரம் வரையச் சொன்னது போன்ற வேலை. விளையாட்டு நடைபெறும்போது நடப்பதைக் குறித்துவைக்க அப்பெட்டியில் இருந்த நினைவகம் 128 பைற்று மாத்திரமே. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று எனக் கொண்டால், தபாலட்டையில் இரண்டு மூன்று வரி எழுதுவதற்குள் அந்த நினைவகம் நிரம்பிவிடும். விளையாட்டுப் பதிந்த செருகுபெட்டியின் கொள்ளளவும் தொடக்கத்தில் 2,048 அல்லது 4,096 பைற்றுகளே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனிலும் பல நூறு மடங்கு இடத்தைப் பிடிப்பது.

திரையில் தோன்றும் படத்தை முழுமையாக வரைந்து வைத்திருக்க அந்த நினைவகம் போதாது. அக்காலத் தொலைக்காட்சியிலே இலத்திரன் கற்றையொன்று மேலிருந்து கீழாக 262 கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும். இவ்வாறு செக்கனுக்கு 60 தடவை நடைபெறும். ஒரு கோடு இழுபடும் நேரத்திலே நுண்செயலிக்குக் கிடைப்பன 76 துடிப்புகள். அதற்குள் அக்கோட்டில் எவ்விடத்தில் எந்த நிறம் தோன்றவேண்டும் என்னும் கட்டளை சென்று சேர்ந்துவிட வேண்டும். சற்றுப் பிந்தினாலும் படம் குலையும். தறியிலே நாடா ஓடும் ஒவ்வொரு முறையும் இழையின் நிறத்தை மாற்றிக் கொடுத்துப் பூவேலை செய்யும் நெசவாளன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாடா ஒரு கணமும் நில்லாது. அத்தகைய வேலை அது.

இந்த வேலையைச் செய்தவர் ஒரு குழுவினர் அல்லர். ஒரு விளையாட்டுக்கு ஒருவரே. கற்பனை செய்தவரும் அவர். படம் அமைத்தவரும் ஒலி சேர்த்தவரும் அவர். செய்நிரல் எழுதிப் பிழை திருத்தியவரும் அவரே. கதை எழுதும் ஆசிரியனைப் போலத் தனியே அமர்ந்து, பல மாதங்கள் உழைத்து, ஒன்றை முடித்தனர். ஆதலின் அவற்றை ஆசிரியர் உள்ள படைப்புகள் என்று கூறுதல் மிகையாகாது.

பெயர் ஏன் மறைக்கப்பட்டது?

1978ஆம் ஆண்டிலே ரே கசார் என்பவர் அட்டாரிக்கு வந்து சேர்ந்தார். நெசவுத் தொழிற்றுறையிற் பெரிய பதவி வகித்தவர் அவர். புஷ்னெல் வெளியேறியபின் கம்பனியின் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வாணிபத்திலே வல்லவரான கசாரின் காலத்தில் அட்டாரியின் விற்பனை மேன்மேலும் உயர்ந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

எனினும், விளையாட்டை ஆக்குவோரின் பெயரை வெளியிட அக்கம்பனி விரும்பவில்லை. பெயர் வெளியானால் போட்டிக் கம்பனிகள் அவரைத் தேடிவந்து அழைத்துக்கொள்ளும் என்பது ஓர் அச்சம். புகழ் பெற்றவர் கூடுதலான ஊதியம் கேட்பார் என்பது மற்றோர் அச்சம். ‘இஃது அட்டாரியின் விளையாட்டு’ என்று மக்கள் அறிந்தாற் போதும் என்பதே கம்பனியின் நிலை. விற்ற தொகைக்கு ஏற்றபடி ஆசிரியருக்குப் பங்கு கொடுக்கும் வழக்கமும் இல்லை. ஆயிரம் விற்றாலும் பத்து இலட்சம் விற்றாலும் சம்பளம் ஒன்றே.

வேண்டாம் என்ற விளையாட்டு

பேர்க்லியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலே முதுமாணிப் பட்டம் பெற்ற வாரன் ரொபினெற் என்னும் இளைஞர் 1977இன் இறுதியில் அட்டாரியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம் ஒன்றிலே பெரிய கணினியில் ஒரு விளையாட்டைக் கண்டார். குகைகளுக்குட் சென்று ஆராய்வதிலே பற்றுடைய வில் குரௌதர் என்பவர் தொடங்கி, டொன் வூட்ஸ் என்பவர் விரித்தெழுதியது அது. அதிற் படமே இல்லை. ‘நீ ஒரு குகைவாயிலில் நிற்கின்றாய்’ என்பது போன்ற வருணனை எழுத்தில் தோன்றும். ஆடுபவர் தட்டச்சுப்பலகையிற் கட்டளை எழுதி முன்செல்ல வேண்டும்.

இதனைப் படமாக்கி வீட்டுப் பெட்டியிலே தரமுடியுமா என்று ரொபினெற் எண்ணினார். அவருடைய மேலாளர் வேண்டாம் என்றார். அதற்குக் காரணமும் இருந்தது. பெரிய கணினியில் நூறாயிரக்கணக்கான பைற்றுகளை விழுங்கிய விளையாட்டை 4,096 பைற்றுக்குள் அடக்குதல் எங்ஙனம்? அது நடவாத காரியம் என்று அவர் கருதினார். ரொபினெற் கேட்கவில்லை. வேலையைத் தொடர்ந்து செய்து, விளையாடத்தக்க முன்மாதிரி ஒன்றைக் காட்டியபின்னரே அவருக்கு வழி பிறந்தது.

அவ்வாறு பிறந்த விளையாட்டின் பெயர் ‘அட்வெஞ்சர்’. வீரச்செயல் நிறைந்த பயணம் என்பது அதன் பொருள். ஆடுபவரைக் குறிப்பது ஒரு சிறு சதுரம், கையுமில்லை, காலுமில்லை. மஞ்சள், கறுப்பு, வெள்ளை நிறங்களில் மூன்று கோட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு திறவுகோல். மூன்று பறவைநாகங்கள் நம்மைத் துரத்தி விழுங்க வரும். அவற்றின் உருவம் தாராவைப் போலிருக்கிறது என்று அக்காலத்திலேயே பலர் நகைத்தனர். வெளவால் ஒன்று நாம் வைத்திருக்கும் பொருளைப் பறித்துக்கொண்டு வேறொன்றைப் போட்டுச் செல்லும். வாள், காந்தம், பாலம் ஆகியவற்றின் துணைகொண்டு மாயக் கிண்ணமொன்றைக் கண்டெடுத்து மஞ்சட் கோட்டைக்குட் கொண்டுவந்து சேர்த்தால் வெற்றி.

இவ்விளையாட்டின் புதுமை, திரையின் எல்லையோடு உலகம் முடிந்துவிடாமையே. ஓர் அறையை விட்டு நீங்கினால் அடுத்த அறை திரையில் தோன்றும். விட்டுவந்த அறையிலே நாம் வைத்த பொருள் அங்கேயே இருக்கும். வெளவாலோ நம் கண்ணுக்குப் புலப்படாத அறைகளிலும் பறந்து திரிந்து பொருட்களை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். தபாலட்டையின் சில வரிகளுக்குச் சமமான நினைவகத்திலே இவ்வுலகை அமைத்துக் காட்டியது பெருஞ்சாதனை அன்றோ?

அது பத்து இலட்சம் படிகள் விற்றதாகவும், ஒன்றின் விலை ஏறத்தாழ 25 டொலர் எனவும், தம் சம்பளமோ ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டொலர் எனவும் ரொபினெற் பிற்காலத்திற் கூறியுள்ளார். பங்கும் இல்லை; பெயரும் இல்லை.

ஒரு புள்ளி

பெயரை வெளியிட மறுத்தால் வெளியிடாமலே வைப்போம் என்று அவர் துணிந்தார். கறுப்புக் கோட்டையின் உள்ளே ஒரு சிக்கலறை. அதில் சுவர்களால் முற்றாக அடைக்கப்பட்ட சிறு மூலை. பாலத்தை வைத்தாலன்றி உட்செல்ல முடியாது. அங்கே ஒரே ஒரு புள்ளி. அதன் நிறமும் பின்னணியின் நிறமும் ஒன்றே ஆதலின் கண்ணுக்குப் புலப்படாது. தற்செயலாக அதன்மேற் பட்டாற்றான் கையில் ஏதோ சிக்கியது தெரியும்.

அப்புள்ளியைச் சுமந்துகொண்டு, மஞ்சட் கோட்டைக்குக் கீழுள்ள பாதையின் கிழக்கு முனைக்கு வரவேண்டும். அங்கே வேறு இரண்டு பொருட்களையேனும் சேர்த்து வைத்தால், வழியை மறித்து நிற்கும் மெல்லிய கோடு மின்னி மின்னி மறையத் தொடங்கும். ஒரே அறையிற் பொருட்கள் பல சேர்ந்தால் அவற்றை ஒருங்கே வரைய இயலாமல் மாறிமாறிக் காட்டுவது அந்த இயந்திரத்தின் இயல்பு. அந்தக் குறைபாட்டையே ரொபினெற் திறவுகோலாக்கிக்கொண்டார். மின்னும் கோட்டைக் கடந்து சென்றால் ஓர் அறை. அதன் நடுவே, மேலிருந்து கீழாக, நிறம் மாறி மாறி ஒளிவிடும் எழுத்துகள்: ஆக்கியவர் வாரன் ரொபினெற்.

செருகுபெட்டியின் மொத்தக் கொள்ளளவில் நூற்றுக்கு ஐந்து பங்கை இந்த ஓர் அறை பிடித்துக்கொண்டது என்று அவரே சொல்லியிருக்கின்றார். ஒவ்வொரு பைற்றுக்கும் போராடிய வேலையிலே இஃது அற்பமான இடமன்று. உடன் வேலை செய்த நண்பர்களிடமும் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டாரியின் சோதனையாளர்களும் காணவில்லை. 1979இல் ரொபினெற் வேலையை விட்டு நீங்கினார். அவருடைய பெயர் சுமந்த செருகுபெட்டிகள் தொழிற்சாலையில் உருவாகி, கடைகளுக்குச் சென்று, வீடுகளுக்குள் நுழைந்தன. கம்பனிக்கு மாத்திரம் அது தெரியாது.

சிறுவனின் கடிதம்

1980ஆம் ஆண்டிலே யூட்டா மாநிலத்தின் சோல்ட் லேக் நகரிலிருந்து அட்டாரிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் பதினைந்து வயதுச் சிறுவன். புள்ளி எங்கே இருக்கின்றது, அதை எவ்வாறு எடுப்பது, எங்கே கொண்டுசெல்வது என்று விவரித்து, அங்கே கண்ட பெயரையும் எழுதியிருந்தான். அறிஞர் குழுவும் சோதனையாளரும் காணாததை, விளையாட்டை ஓயாது ஆடி ஒவ்வொரு மூலையையும் தடவிப் பார்த்த ஒரு மாணவன் கண்டுவிட்டான்.

கம்பனியில் திகைப்பு ஏற்பட்டது. பெயரை நீக்குவதாயின் செருகுபெட்டிக்குரிய சில்லினைப் புதிதாக வார்க்கவேண்டும். ஏறத்தாழ 10,000 டொலர் செலவாகும் எனக் கணித்தனர். திருத்தும் பணி ஒப்படைக்கப்படவிருந்தவர், ‘அந்த இடத்திலே திருத்தியவர் என்று என் பெயரைப் போட அனுமதித்தால் திருத்துகின்றேன்’ என்று சொன்னாராம்! இறுதியில், செய்நிரற் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ஸ்டீவ் ரைட் என்பவர் நல்லதொரு யோசனை கூறினார். பெயர் இருந்தவாறே இருக்கட்டும். ஈஸ்டர் திருநாளிலே ஒளித்துவைத்த வண்ண முட்டைகளைப் பிள்ளைகள் தேடி மகிழ்வது போல, ஆடுவோர் இத்தகைய மறைபொருள்களைத் தேடி மகிழட்டும் என்றார். அன்று தொடங்கி, கணினி விளையாட்டுகளில் ஒளித்துவைக்கப்படும் இத்தகைய வியப்புகளுக்கு ‘ஈஸ்டர் முட்டை’ என்னும் பெயர் வழங்கலாயிற்று.

ரொபினெற்றுக்கு முன்னரும் இவ்வாறு பெயர் ஒளித்தோர் இருந்தனர் என்பது பிற்கால ஆராய்ச்சியில் தெரியவந்தது. 1977, 1978ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த வேறு விளையாட்டுகளிலும் மறைந்த பெயர்கள் அகப்பட்டிருக்கின்றன. ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமலே வெவ்வேறு இடங்களிற் பலர் இதே காரியத்தைச் செய்திருக்கின்றனர். ஆதலின் இதனை ஒரு தனிமனிதரின் குறும்பு என ஒதுக்கிவிட முடியாது.

வாசல்வழியே சென்றோர்

ரொபினெற் மறைவாகக் கையொப்பம் இட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், அவருடன் வேலை செய்த நால்வர் வேறு வழியை நாடினர். டேவிட் கிரேன், அலன் மில்லர், பொப் வைட்ஹெட், லரி கப்லன் என்போரே அந்நால்வர். 1979இல் விற்பனைப் பகுதியினர், எந்த விளையாட்டு எவ்வளவு விற்றது என்னும் பட்டியலொன்றைச் செய்நிரலாளரிடம் கொடுத்தனர். நன்கு விற்பவற்றைப் போல மேலும் ஆக்குங்கள் என்பது அவர்களின் நோக்கம். நால்வரும் தத்தம் விளையாட்டுகளின் பங்கைக் கூட்டிப் பார்த்தனர். கம்பனியின் செருகுபெட்டி விற்பனையிற் பாதிக்கு மேற்பட்டது தங்கள் கையால் விளைந்தது என்று கண்டதாகக் கிரேன் நினைவுகூர்கின்றார்.

நால்வரும் கசாரைக் கண்டு பேசினர். நூலாசிரியருக்கும் இசைக்கலைஞருக்கும் கொடுப்பது போலப் பெயரும் விற்பனையில் ஒரு சிறு பங்கும் வேண்டினர். செருகுபெட்டியைப் பூட்டிச் சேர்க்கும் தொழிலாளியைவிட நீங்கள் முக்கியமானவர்கள் அல்லர் என்னும் கருத்தே தமக்கு விடையாகக் கிடைத்தது எனக் கிரேன் கூறியுள்ளார்.

இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். செருகுபெட்டியைப் பூட்டும் தொழிலாளியின் உழைப்பும் மதிக்கத்தக்கதே. அதனை மறுப்பார் யார்? ஆயின் அந்த விடையிலே தொழிலாளியை உயர்த்தும் நோக்கம் இருந்ததாகத் தோன்றவில்லை. ஒருவரது உழைப்பைக் காட்டி மற்றவரது உழைப்பைத் தாழ்த்தும் பேச்சினால் இருவருக்கும் பெருமை இல்லை.

நால்வரும் விலகினர். இசைத்தட்டுத் தொழிலில் அனுபவம் பெற்றிருந்த ஜிம் லீவி என்பவரைத் தலைவராகக் கொண்டு 1979 ஒக்டோபரில் அக்டிவிஷன் என்னும் கம்பனி தோன்றியது. பெட்டியைச் செய்யாமல், பிறர் செய்த பெட்டிக்கு விளையாட்டை மாத்திரம் ஆக்கி விற்ற முதற் கம்பனி அதுவே. 1980இல் அதன் முதல் விளையாட்டுகள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் ஆக்கியவரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. கைநூலிலே அவருடைய நிழற்படமும், எவ்வாறு ஆடினால் நன்கு ஆடலாம் என்று அவர் கூறும் குறிப்பும் இடம்பெற்றன. திரையிற் பெற்ற உயர்ந்த புள்ளியை நிழற்படம் எடுத்து அனுப்பிய பிள்ளைகளுக்குச் சட்டையிலே தைத்துக்கொள்ளத் துணிச்சின்னம் அனுப்பினர். ஆடுவோர்க்கும் ஆக்குவோர்க்கும் இடையே ஓர் உறவு உண்டாயிற்று.

அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. அவ்வாண்டிலே கிரேன் ஆக்கிய ‘பிட்போல்’ என்னும் விளையாட்டு வெளிவந்து 40 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்றது. காட்டினூடே ஓடித் தாவிப் புதையல் தேடும் அவ்விளையாட்டில் 255 காட்சிகள் உண்டு. அவற்றை வரைந்து அடுக்கி வைக்க 4,096 பைற்று எவ்வாறு போதும்? ஒரு காட்சியின் எண்ணிலிருந்து அடுத்த காட்சியைக் கணித்தெடுக்கும் சிறு சூத்திரம் ஒன்றைக் கிரேன் அமைத்தார். காடு முழுவதும் ஐம்பது பைற்றுக்கும் குறைந்த அச்சூத்திரத்துள் அடங்கியது. கணிதம் கற்கும் மாணவர் கவனிக்கத்தக்க செய்தி இது.

முன்னர் அட்டாரியிற் பணியாற்றிய கரோல் ஷோ அம்மையாரும் அக்டிவிஷனிற் சேர்ந்தார். அவர் 1982இல் ஆக்கிய ‘ரிவர் ரெயிட்’ என்னும் விளையாட்டிலே, ஆற்றின்மேல் விமானம் செலுத்திச் செல்கின்றோம். ஆறு முடிவின்றி விரிந்து, ஒடுங்கி, கிளைத்துச் செல்கின்றது. அந்த ஆறும் சூத்திரத்தாற் பிறந்ததே. பெட்டியின்மேல் ஒரு பெண்மணியின் பெயர் அச்சாகியிருந்தமையால் அன்றைய சிறுமியரும் இத்துறையில் தமக்கு இடமுண்டு என அறிய வழியுண்டாயிற்று. பெயரை மறைத்திருந்தால் அதுவும் மறைந்தே போயிருக்கும்.

பெயரும் பொறுப்பும்

அக்டிவிஷன் திறந்த வாசலால் நல்லோர் மாத்திரம் நுழையவில்லை. ஒருவர் வெற்றி கண்டதும் பலர் ஓடிவந்தனர். 1982, 1983ஆம் ஆண்டுகளில் அவசரமாகவும் மட்டமாகவும் ஆக்கப்பட்ட விளையாட்டுகள் கடைகளிற் குவிந்தன. அட்டாரியும் அவசரத்திலிருந்து தப்பவில்லை. ‘ஈ.டி.’ என்னும் திரைப்படத்தைத் தழுவிய விளையாட்டை 1982ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு முன் முடிக்கவேண்டும் என்று, ஹவார்ட் ஸ்கொட் வோர்ஷோ என்னும் செய்நிரலாளருக்கு ஏறத்தாழ ஐந்து வாரமே கொடுத்தனர். பல மாதம் வேண்டிய வேலைக்கு ஐந்து வாரம்! விளையாட்டு மக்களை ஏமாற்றியது. விற்காது தேங்கிய சரக்கிலே ஒரு பகுதி, வேறு பல விளையாட்டுகளோடு, 1983இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமொகோர்டோ நகரின் குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில் அவ்விடத்தைத் தோண்டி அவற்றை வெளியில் எடுத்தனர். 1983இல் அட்டாரி 50 கோடி டொலருக்கு மேல் நட்டமடைந்தது. அமெரிக்காவில் வீட்டு விளையாட்டுத் தொழில் முழுவதுமே அக்காலத்திற் சரிந்து வீழ்ந்தது.

அச்சரிவுக்குக் காரணங்கள் பல. பெயரை மறைத்தமையால் நேர்ந்தது என்று கூறின் அது பிழை. எனினும் வேலை செய்பவனை யாரால் வேண்டுமானாலும் மாற்றிவைக்கத்தக்க உறுப்பாக எண்ணுவதும், அவன் வேலைக்கு வேண்டிய காலத்தை வெட்டிச் சுருக்குவதும் ஒரே மனப்பாங்கின் இரு கிளைகள் ஆகும்.

இனி, ரொபினெற் செய்தது முறையா என்று கேட்போரும் இருப்பர். சம்பளம் கொடுத்தது கம்பனி, செருகுபெட்டியும் கம்பனியுடையது, அதில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் கேளாமல் எடுத்துக்கொள்ளலாமா? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. வெளிப்படையாகக் கேட்டு, மறுத்தபோது வெளிப்படையாகவே வெளியேறிய நால்வரின் வழி நேரானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லோருக்கும் வெளியேறும் வசதி வாய்ப்பதில்லை. ரொபினெற் பணத்தைத் திருடவில்லை, பொய்யும் எழுதவில்லை. அவர் ஒளித்துவைத்தது உண்மை ஒன்றையே. உண்மையைச் சொல்வதற்குச் சுவரும் புள்ளியும் மறைவறையும் வேண்டியிருந்தன என்றால், குறை அவரிடம் மாத்திரம் இல்லை. உண்மையை அச்சிட விரும்பாத வழக்கத்திடமும் உண்டு. கையொப்பம் புகழுக்கு மாத்திரம் உரியதன்று. ‘இதை நானே செய்தேன், குறையிருந்தால் என்னைக் கேளுங்கள்’ என்னும் பொறுப்பும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

ரொபினெற்றின் பிற்கால வாழ்க்கை பெற்றோரும் மாணவரும் அறியத்தக்கது. 1980இல் அவர் வேறு சிலரோடு சேர்ந்து, பிள்ளைகளுக்குரிய கல்விச் செய்நிரல்களை ஆக்கும் கம்பனியொன்றைத் தொடங்கினார். 1982இல் வெளிவந்த ‘ரொக்கீஸ் பூட்ஸ்’ என்னும் விளையாட்டிலே, கணினியின் உள்ளே இருக்கும் தருக்கச் சுற்றுகளைப் பிள்ளைகள் தாமே திரையில் இணைத்து இயக்கிப் பார்க்கலாம். அட்வெஞ்சரில் பொருட்களைச் சுமந்து சென்ற அதே முறை இங்கே பாடம் கற்பிக்கப் பயன்பட்டது. 2018இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கி வெளிவந்த ‘ரெடி பிளேயர் வன்’ திரைப்படத்திலே, கதையின் இறுதிச் சோதனை ரொபினெற்றின் மறைவறையைத் தேடிச் செல்வதாகவே அமைந்தது. மறைக்க நினைத்த பெயர் உலகமெங்கும் தெரிந்துவிட்டது.

இன்று பெரிய விளையாட்டு ஒன்றின் முடிவிலே நூற்றுக்கணக்கான பெயர்கள் நெடுநேரம் ஓடுகின்றன. பிள்ளைகள் அதனைப் பாராது பெட்டியை அணைத்துவிடுவது வழக்கம். அடுத்த முறை அவ்வாறு அணைக்க முற்படும்போது, ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். ஒரு காலத்தில் ஒரே ஒரு பெயர் திரையில் தோன்றுவதற்கு ஒருவர் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு, ஓடும் பெயர்களுள் ஒன்றையேனும் வாசியுங்கள். உங்கள் வீட்டிலுள்ள கதிரையைச் செய்த தச்சர் யார், பாயை இழைத்த கை எது என்று பெற்றோரையும் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயர் அவர்களுக்கும் தெரியாதாயின், எல்லோருமாகச் சேர்ந்து தேடலாமே!